ஃப்ளூ காய்ச்சல்: மழைமேல் பழியைப் போட்டுவிட்டு ஜன்னலை மூடுகிறோம்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் சென்னை மாநகர பஸ்களுக்குள் ஒரு சடங்கு தொடங்கிவிடும். முதல் தூறல் விழுந்ததும் ஜன்னலோர இருக்கைக்காரர்கள் கண்ணாடியை இழுத்து மூடுவார்கள். துருப்பிடித்து நகர மறுக்கும் ஜன்னலை, நின்றுகொண்டிருப்பவரும் கை கொடுத்துச் சாத்துவார். ஐந்து நிமிடத்தில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். அறுபது, எழுபது பேர் விட்ட மூச்சு அது. குழந்தைகள் அதன்மேல் விரலால் படம் வரைவார்கள். பின்னால் எங்கோ ஒருவர் இருமுவார். இரண்டு நாள் கழித்து வீட்டில் யாருக்காவது காய்ச்சல் அடித்தால், அன்றைக்கு மழையில் நனைந்ததுதான் காரணம் என்ற தீர்ப்பு தயாராக இருக்கும்.

மழைத்துளியில் ஃப்ளூ வைரஸ் கிடையாது. நனைந்தவருக்கும் காய்ச்சல் வரும், குடை பிடித்தவருக்கும் வரும். வைரஸ் இன்னொரு மனிதரின் மூச்சுக்குழாயிலிருந்துதான் வந்தாக வேண்டும். சந்தேகப்பட வேண்டியது கண்ணாடியில் படிந்த அந்த ஆவியைத்தான்.

மூடிய இடமும் ஒரே ஒரு நோயாளியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ உலகம் இன்றும் எடுத்துக்காட்டும் சம்பவம், 1977-இல் அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் நடந்தது. 54 பேருடன் கிளம்பவிருந்த ஜெட் விமானம் ஒன்று இயந்திரக் கோளாறால் தரையிலேயே மூன்று மணி நேரம் நின்றுவிட்டது. பயணிகளில் பெரும்பாலோர் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். விமானத்தின் காற்றோட்ட அமைப்பு அந்த நேரத்தில் இயங்கவில்லை. ஒரு பயணிக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை. அடுத்த 72 மணி நேரத்துக்குள் பயணிகளில் 72 சதவீதம் பேர் காய்ச்சல், இருமல், உடல்வலி என்று படுத்துவிட்டார்கள். பரிசோதித்துப் பார்த்ததில் எச்3என்2 வகை ஃப்ளூ. உள்ளே அதிக நேரம் இருந்தவர்களுக்கு அதிகமாகவும், குறைந்த நேரம் இருந்தவர்களுக்குக் குறைவாகவும் தொற்றியிருந்தது என்பதுதான் அந்த விசாரணையில் என்னைக் கவர்ந்த பகுதி. யார் எதைத் தொட்டார்கள் என்பதைக் காட்டிலும், யார் எவ்வளவு நேரம் அந்தக் காற்றைச் சுவாசித்தார்கள் என்பதே கணக்கில் நின்றது.

ஃப்ளூ வராமல் தடுப்பது எப்படி என்று நாம் படிக்கும் குறிப்புகள் பெரும்பாலும் கை கழுவுவதில் தொடங்கி ஆரஞ்சுப் பழத்தில் முடிகின்றன. காற்றைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிகம். காய்ச்சல்காரர் எங்கே இருக்கிறார், அறையில் காற்று எப்படி நகர்கிறது, தடுப்பூசி போட்டாயிற்றா என்ற மூன்று கேள்விகளைக் கேட்ட பிறகு கைக்கும் பழத்துக்கும் வந்தால் போதும் என்பது என் கருத்து.

அறிகுறிக்கு முந்தைய நாள்

மூக்கு ஒழுகினால் எல்லாம் ஃப்ளூ ஆகிவிடாது. சாதாரணச் சளி மெல்ல வரும். தொண்டை கரகரக்கும், தும்மல் வரும், நடமாட முடியும். ஃப்ளூ திடீரென்று வரும். காலையில் வேலைக்குக் கிளம்பிப் போனவர் மாலையில் அடித்துப் போட்டதுபோலத் திரும்பி வருவார். அதிகக் காய்ச்சல், தலைவலி, கைகால் குடைச்சல், வறட்டு இருமல் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். காய்ச்சல் நான்கைந்து நாளில் இறங்கினாலும் இருமலும் அசதியும் இரண்டு வாரம்கூட இழுக்கும். மனிதர்களிடையே ஆண்டுதோறும் அலை அலையாகப் பரவுபவை ஏ, பி என்ற இரண்டு வகை இன்ஃப்ளூயன்சா வைரஸ்கள். எச்1என்1, எச்3என்2 என்று செய்தித்தாள்களில் அடிபடும் இரண்டும் ஏ வகையைச் சேர்ந்தவை. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்குச் சுமார் 100 கோடிப் பேருக்கு ஃப்ளூ வருகிறது. அவர்களில் 30 முதல் 50 லட்சம் பேருக்கு நோய் கடுமையாகிறது. மூச்சு தொடர்பான சிக்கல்களால் மட்டும் 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேர் வரை இறக்கிறார்கள்.

தடுப்பு ஏன் கடினம் என்பதற்கு நோயின் கால அட்டவணையே விடை. வைரஸ் உடலுக்குள் நுழைந்து ஒன்று முதல் நான்கு நாளில், சராசரியாக இரண்டாம் நாளில், அறிகுறி தெரியும். ஆனால் அறிகுறி தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பே அவர் மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கிவிடுவார். அதற்குப் பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்புவார். முதல் மூன்று நான்கு நாள்கள்தான் உச்சம். சிறு குழந்தைகளும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும் இன்னும் நீண்ட நாள் பரப்பக்கூடும். இருமுகிறவரைக் கண்டு ஒதுங்கிப் போனால் மட்டும் தப்பிவிட முடியாது. நேற்று உங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த சக ஊழியர் இன்று காய்ச்சலில் படுத்திருக்கலாம். நேற்றே அவர் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அறிகுறி வருவதற்கு முன்பும் வேலை செய்யும் தடுப்புகள், அதாவது காற்றோட்டமும் தடுப்பூசியும், முன்வரிசைக்கு வருவது இதனால்தான்.

நம் ஊர்க் காலண்டர்

வைரஸ் வறண்ட குளிர்காற்றில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது குளிர்நாடுகளுக்கான விளக்கம். அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஃப்ளூ காலம். இந்தியா ஒரே நாடாக இருந்தாலும் ஃப்ளூவுக்கு இங்கே ஒரே காலம் கிடையாது. நாட்டின் பல நகரங்களிலிருந்து மாதிரிகளைச் சேகரித்துப் பார்த்த கண்காணிப்பில், டெல்லி, புனே, கொல்கத்தா போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழையையொட்டி ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ உச்சம் தொட்டது. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில். ஸ்ரீநகரில் மட்டும் ஐரோப்பாவைப் போலக் குளிர்காலத்தில். தமிழ்நாட்டில் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையோடு கைகோத்து வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாம் மழைமேல் பழி போடுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை, ஆள்தான் மாறிப்போயிற்று. மழை பெய்கிறது, எல்லாரும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொள்கிறோம். தீபாவளிக் கூட்டத்தில் துணிக்கடையின் நான்காவது மாடியில் நெருக்கியடித்து நிற்கிறோம்.

காலண்டரை முழுக்க நம்பவும் முடியாது. 2023 பிப்ரவரி, மார்ச்சில் எச்3என்2 நாடு முழுவதும் பரவியது. மார்ச் 10-ஆம் தேதி தமிழ்நாட்டில் 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம்கள் நடத்தப்பட்டன. புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகளுக்கு மார்ச் 16 முதல் 26 வரை விடுமுறை விட்டார்கள். அப்போது மழையும் இல்லை, குளிரும் இல்லை.

ஃப்ளூவைத் தடுத்துவிட முடியுமா என்று கேட்பவர்களுக்கு அதற்குச் சற்று முந்தைய காலத்தில் கிடைத்த விடை வியப்பானது. கொரோனாவுக்காக உலகம் கதவடைத்தபோது ஃப்ளூ கிட்டத்தட்டக் காணாமல் போனது. அமெரிக்காவில் 2019-20 பருவத்தில் ஃப்ளூவால் இறந்ததாகப் பதிவான குழந்தைகள் 199 பேர். 2020-21 பருவத்தில் ஒரே ஒரு குழந்தை. பி வகையில் யமகட்டா என்ற கிளை ஒன்று இருந்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு அது உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. தடுப்பூசியிலிருந்தே அதை நீக்கிவிடலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் பின்னர் பரிந்துரைத்தது. கொரோனாவை முழுதாக நிறுத்த முடியாத அதே ஏற்பாடுகள், பரவும் வேகம் குறைந்த ஃப்ளூவை ஏறக்குறைய நிறுத்திவிட்டன.

பள்ளியை மூடி, கடையை மூடி, கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்று எண்ணி வாழ்வதை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த ஏற்பாடுகளில் செலவில்லாத சில இருந்தன. அவற்றையும் சேர்த்துக் கைகழுவிவிட்டோம் என்பதுதான் வருத்தம்.

காய்ச்சல்காரரை வீட்டில் வைத்துக்கொள்வது

முதல் செலவில்லாத ஏற்பாடு, காய்ச்சல் அடிப்பவர் வெளியே போகாமல் இருப்பது. கேட்கச் சுலபம்தான். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருபவரை நம் அலுவலகங்கள் பாராட்டுகின்றன. ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவருக்குப் பள்ளி விழாவில் பரிசு கொடுக்கிறார்கள். ஃப்ளூவின் கண்ணோட்டத்தில் பார்த்தால் அது வைரஸுக்குக் கொடுக்கும் பரிசு. காலையில் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்று தெரிந்தும், பரீட்சை இருக்கிறதே என்று பாராசிட்டமால் சிரப் கொடுத்து வேனில் ஏற்றி அனுப்புகிற வீடுகள் ஏராளம். மருந்து காய்ச்சலை நான்கைந்து மணி நேரம் அடக்கும். வைரஸ் பரவுவதை அடக்காது. மருந்து எதுவும் போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் வெளியே அனுப்பலாம் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அன்றாடக் கூலிக்காரருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பது தெரிந்ததே. சம்பளத்தோடு விடுப்பு எடுக்க முடிந்தவர்களாவது எடுத்துக்கொண்டால், விடுப்பு எடுக்க முடியாதவருக்கு நோய் போய்ச் சேராது.

வீட்டுக்குள் தனி அறை கொடுங்கள் என்று எழுதுவது எளிது. ஒற்றை அறையும் சமையற்கட்டும் உள்ள வீட்டில் அப்படி எழுதினால் யாருக்குப் பயன்? அங்கேயும் செய்யக்கூடியவை உண்டு. படுக்கையை ஜன்னல் பக்கம் போடலாம். தலைமாட்டை மற்றவர்கள் படுக்கும் பக்கத்திலிருந்து திருப்பி வைக்கலாம். டேபிள் ஃபேன் இருந்தால் நோயாளியின் பக்கமிருந்து ஜன்னலை நோக்கிக் காற்று வெளியேறும்படி திருப்பி வைக்க வேண்டும். நோயாளியின் முகத்தைத் தாண்டி மற்றவர்கள்மேல் வீசும்படி வைக்கக் கூடாது. சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டால், எதிர்ப்பக்க ஜன்னல் வழியாகப் புதுக் காற்று உள்ளே இழுபடும். பாட்டி, தாத்தா, கைக்குழந்தை, கர்ப்பிணி இருந்தால் இந்த ஐந்தாறு நாளைக்கு அவர்கள் அருகில் போகாமல் பார்த்துக்கொள்வதே பெரிய காரியம். நோயாளியைக் கவனிக்க ஒரே ஒருவர் போதும். நோயாளி எழுந்து நடமாடும்போது முகக்கவசம் அணிந்தால் மற்ற நால்வர் அணிவதைவிட அது உருப்படியானது.

சுற்றம் சூழ வந்து நலம் விசாரிப்பது நம் வழக்கம். ஹார்லிக்ஸ் பாட்டிலும் பழமும் வாங்கிக்கொண்டு வருபவர்களைக் கோபித்துக்கொள்ள முடியாது. நாலு நாள் கழித்து வாருங்கள் என்று போனில் சொல்லிவிடலாம்.

காற்று

நம் வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கிற காற்றையே உறிஞ்சிக் குளிரவைத்துத் திரும்ப அனுப்புகிறது. வெளியே தொங்கும் பெட்டி வெப்பத்தை வெளியேற்ற மட்டுமே. குளுகுளுவென்று இருப்பதால் காற்று சுத்தமாக இருப்பதுபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

இதை ஒரு டியூஷன் சென்டரில் வைத்துப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, இருபது பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம். ஏசி வீணாகக் கூடாது என்று கதவுக்குக் கீழேகூடத் துணி சுருட்டி வைத்திருப்பார்கள். அந்த இருபது பேரில் ஒருவன் நாளை காய்ச்சலில் படுக்கப்போகிறவன் என்றால் இன்று அவனிடமிருந்து மற்றவர்கள் தப்ப வழியில்லை. ஜன்னலை நாலு விரற்கடை அளவு திறந்து வைத்து, ஏசியோடு ஃபேனையும் ஓடவிட்டால் மின்கட்டணம் கொஞ்சம் கூடும். வகுப்புக்கு இடையில் பத்து நிமிடம் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் அந்தக் கூடுதல் செலவும் இல்லை. மழைக்கால பஸ்ஸிலும் இதே கணக்குதான். எல்லா ஜன்னலையும் மூட வேண்டியதில்லை. சாரல் அடிக்காத பக்கத்தில் இரண்டு திறந்திருந்தாலே காற்று ஓடும். பக்கத்தில் இருப்பவர் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும்.

பிள்ளைகளைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. ஃப்ளூவில் இறப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். ஆனால் ஊருக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள். ஜப்பானில் 1962-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி போடத் தொடங்கிப் பிறகு கட்டாயமாக்கினார்கள். 1987-இல் பெற்றோர் மறுக்கலாம் என்று தளர்த்தினார்கள். 1994-இல் திட்டத்தையே கைவிட்டார்கள். கைவிட்ட பிறகு முதியவர்களின் குளிர்கால மரணங்கள் கூடின. திட்டம் நடந்த காலத்தில் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 மரணங்கள் வரை தடுக்கப்பட்டதாக 2001-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஊசி போட்டுக்கொண்டது பேரன், தப்பியது தாத்தா.

ஊசி எப்போது, யாருக்கு

ஃப்ளூ தடுப்பூசி சுவர் எழுப்பியதுபோல் நோயை நிறுத்திவிடாது. அந்த ஆண்டு பரவும் வைரஸோடு ஊசி நன்றாகப் பொருந்தினால், மருத்துவரிடம் போக வைக்கும் அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கும். போட்டும் வந்துவிட்டதே என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. போட்டவருக்கு வந்தாலும் ஐசியூ வரை போகும் வாய்ப்பு குறைவு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இங்கே வழக்கமாகப் போடப்படும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. அதனால் ஃப்ளூ வராது. கைவலியும் ஒருநாள் லேசான காய்ச்சலும் வரலாம்.

வைரஸ் ஆண்டுதோறும் உருமாறுவதால் ஊசியும் ஆண்டுதோறும் மாறுகிறது. அடுத்த பருவத்துக்கு எந்தெந்த வைரஸைச் சேர்ப்பது என்று உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை முடிவு செய்கிறது: பிப்ரவரியில் வடகோளத்துக்கு, செப்டம்பரில் தென்கோளத்துக்கு. போட்டபின் பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். தமிழ்நாட்டில் உச்சம் அக்டோபர், நவம்பர் என்றால் ஆகஸ்ட், செப்டம்பரில் போட்டுக்கொள்வது பொருத்தம். காய்ச்சல் பரவுகிறது என்று டிவியில் செய்தி வந்த பிறகு ஓடுவது பாதி தாமதம். டெல்லியில் இருக்கும் மகள் வீட்டுக்கு மழைக்காலத்தில் போகும் பெற்றோர் இன்னும் முன்கூட்டியே போட வேண்டும். எந்த ஆண்டுக்கான ஊசி என்று அட்டையைப் பார்த்துக் கேட்டுப் போடுவதில் தவறில்லை.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் போடும்படி இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. முதல்முறை போடும் சிறு குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குப் போட முடியாது. கர்ப்ப காலத்தில் தாய் போட்டுக்கொண்டால் பிறக்கும் பிள்ளைக்கும் அதன் பாதுகாப்பு சில மாதம் கிடைக்கும். முதியவர்கள், சர்க்கரை நோய், ஆஸ்துமா, இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், மருத்துவமனை ஊழியர்கள் அடுத்த வரிசை. இதய நோயாளிகள் ஃப்ளூவை வெறும் காய்ச்சல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடியிருந்தது.

நம் நாட்டின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. பெரும்பாலானவர்கள் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. இங்கே ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை போகிறது. ஃப்ளூ ஊசி யாருக்கு அவசரமாக வேண்டுமோ அவர்களில் பெரும்பகுதியினரின் பெயரும் முகவரியும் அரசின் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. மாத்திரைப் பட்டையோடு ஆண்டுக்கு ஒரு ஊசியும் போனால் புதிதாகப் பயனாளிகளைத் தேட வேண்டியதில்லை.

கை, துண்டு, தம்ளர்

கை கழுவுவதை நான் பின்னால் தள்ளியதால் அது வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் என்ற அமைப்பின் ஆய்வில், கை சுத்தம் மூச்சுத் தொற்றுகளைப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைத்தது. பெரிதில்லை, ஆனால் சோப்பின் விலைக்கு அது லாபம்தான். ஃப்ளூ வைரஸின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு பட்டால் கரைந்துபோகும். ஸ்டீல் கைப்பிடி, பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்பில் ஒன்று, இரண்டு நாள் தங்கும் வைரஸ், துணியிலும் காகிதத்திலும் அரை நாள் போலத்தான் தங்கும். சுவிட்சர்லாந்தில் கரன்சி நோட்டுகளில் வைரஸைத் தடவிச் சோதித்தார்கள். பொதுவாக மூன்று நாள் வரை தாங்கியது. மூக்குச்சளியோடு கலந்து தடவியபோது சில நோட்டுகளில் 17 நாள் வரை தாங்கியது. எச்சில் தொட்டு நோட்டு எண்ணுகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது.

கை நோட்டைத் தொடுவதால் ஒன்றும் ஆவதில்லை. அதே கை மூக்குக்கும் கண்ணுக்கும் போவதால்தான் வினை. சிட்னியில் மருத்துவ மாணவர்களை வீடியோ எடுத்துப் பார்த்ததில் அவர்கள் மணிக்கு 23 முறை முகத்தைத் தொட்டார்கள். அதில் ஏறக்குறைய பாதி வாய், மூக்கு, கண். படித்தவர்கள் கதையே இப்படி. முகத்தைத் தொடாதே என்று உபதேசம் செய்வதைவிட, வெளியிலிருந்து வந்ததும் கை கழுவுவதைக் கால் கழுவுவதோடு சேர்த்துவிடுவது நடக்கிற காரியம். சானிடைசர் வசதிதான், ஆனால் மூக்கைச் சிந்திய ஈரக் கையில் அது தடுமாறும். கியோட்டோ ஆய்வாளர்கள் 2019-இல் காட்டியபடி, ஈரச் சளிக்குள் இருக்கும் வைரஸ் சானிடைசர் பட்டு இரண்டு நிமிடமானாலும் உயிரோடிருந்தது. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவியபோது அரை நிமிடத்தில் ஒழிந்தது.

தோள் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை. தாத்தா அதில் தும்முவார், வியர்வை துடைப்பார், பேரன் ஐஸ்கிரீம் தின்று முடித்ததும் அவன் வாயையும் அதிலேயே துடைத்துவிடுவார். புடவைத் தலைப்புக்கும் இதே கதைதான். முழங்கையை மடக்கி அதற்குள் தும்மச் சொல்வது இதனால்தான். முழங்கையால் யாரும் பிள்ளைக்கு வாய் துடைப்பதில்லை. இதற்கு நேர்மாறாக, உதட்டில் படாமல் தம்ளரை அண்ணாந்து குடிக்கிற நம் பழக்கம் அருமையானது. தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்து நான்கு நண்பர்களுக்குக் கைமாற்றும் பிள்ளைகளுக்கு அதைத் திரும்பச் சொல்லிக்கொடுக்கலாம்.

முகக்கவச விவகாரத்தில் இரு தரப்பும் அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள். பொதுமக்களை அணியச் சொல்லி நடத்திய சோதனைகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று அதே காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. அணியச் சொல்லப்பட்டவர்களில் பலர் ஒழுங்காக அணியவில்லை என்பதும் அதில் இருக்கிறது. மூக்குக்குக் கீழே தொங்குவதைக் கணக்கில் சேர்க்க முடியாது. கூட்டமான பஸ், மருத்துவமனை வராந்தா, காய்ச்சல்காரர் இருக்கும் அறை ஆகிய மூன்று இடங்களிலாவது நன்றாகப் பொருந்தும் என்95 அணிந்தால் பயன் உண்டு. தெருவில் தனியாக நடக்கும்போது தேவையில்லை.

தூதுவளை ரசமும் மிளகுக் கஷாயமும் தொண்டைக்கு இதமானவை. சாப்பாடு இறங்காத நாளில் சூடான ரசம் உள்ளே போவது நல்லதுதான். அவை ஃப்ளூவைத் தடுக்கும் என்று நம்பிக் காய்ச்சல்காரரோடு ஒரே பாயில் படுத்தால் ரசம் காப்பாற்றாது. வைட்டமின் சி மாத்திரையும் அப்படியே. ஐஸ்கிரீம், தயிர், வாழைப்பழம் எதிலும் ஃப்ளூ வைரஸ் இல்லை. கொதிக்கும் பானையை வைத்துப் போர்வைக்குள் குழந்தைக்கு ஆவி பிடிக்க வைப்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். பானை கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளை எல்லாத் தீக்காயப் பிரிவுகளும் பார்த்திருக்கின்றன. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மருந்துக்கடையில் மூன்று நாளைக்கு என்று கலந்து கட்டிக் கொடுக்கும் பொட்டலத்தில் அதுவும் இருக்கும் என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

தடுப்பையெல்லாம் மீறி வந்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஓய்வும் தண்ணீரும் பாராசிட்டமாலும் போதும். அக்டோபர், நவம்பரில் டெங்குவும் கூடவே நடமாடும் என்பதால் ஆஸ்பிரின், புரூஃபன் போன்றவற்றை மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் எப்போதுமே கூடாது. கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை, இதய, ஆஸ்துமா நோயாளிகள் முதல் நாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓசெல்டமிவிர் என்ற ஃப்ளூ வைரஸ் எதிர்ப்பு மருந்து அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், உதடு நீலமாவது, அரைமயக்கம், குழந்தை பால் குடிக்க மறுப்பது இவற்றில் எது தெரிந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். காய்ச்சல் இறங்கி இரண்டு நாள் தெளிவாக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் இருமலோடு மறுபடியும் காய்ச்சல் ஏறினால் அது நிமோனியாவாக இருக்கக்கூடும். பழைய மருந்துச்சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போகாமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.